பெனின் நாட்டின் கொட்டோனு நகரில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள கயல்,

அலுவலகத்தில் ஒருவர் பெனினின் பழைய அதிபர் கெரேக்கூவைத் திட்டுகிறார், இன்னொருவர் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறார், யாரை நம்புவது என்று கேட்டிருந்தாய். எந்த வருஷத்துக் கெரேக்கூவைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று முதலில் கேள், கண்ணு.

மத்தியூ கெரேக்கூ வடக்கே நாட்டித்திங்கு பக்கத்துக்காரர், ராணுவ மேஜர். நாட்டுக்கு அப்போது தஹோமி என்று பெயர். 3 தலைவர்கள் ஆளுக்கு 2 வருஷம் முறை வைத்து ஆள்வதாக ஓர் ஏற்பாடு இருந்தது. அதைக் கவிழ்த்து 1972 அக்டோபர் 26இல் ஆட்சியைப் பிடித்தார். 1974இல் மார்க்சியப் பாதை என்றார், 1975இல் நாட்டை பெனின் ஆக்கினார். எதிர்த்தவர்கள் சிறைக்குப் போனார்கள். திட்டுபவர் அந்தக் காலத்தைச் சொல்லியிருப்பார்.

அவரைச் சாய்த்தது வங்கிதான். ஈடே இல்லாமல் வேண்டியவர்களுக்கும் நஷ்டத்தில் ஓடிய அரசு நிறுவனங்களுக்கும் கடன் கொடுத்து, 80களின் கடைசியில் 3 அரசு வங்கிகளும் படுத்துவிட்டன. போட்டு வைத்த பணத்தை எடுக்க முடியவில்லை, அரசு ஊழியர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை. ஆசிரியர்களும் மாணவர்களும் தெருவுக்கு வந்தார்கள். சம்பளம் போட வெளிநாட்டுப் பணம் வேண்டும், அதற்கு ஆட்சி மாற வேண்டும். 1989 டிசம்பரில் மார்க்சியத்தைக் கைவிட்டார்.

1990 பிப்ரவரியில் உன் ஊரிலேயே ஒரு ஹோட்டலில் தேசிய மாநாடு கூடியது. ஏறத்தாழ 500 பேர், தலைமை பேராயர் இசிதோர் டி சூசா. ஆலோசனை சொல்லக் கூப்பிட்ட கூட்டம், எங்கள் முடிவே இறுதி என்று அறிவித்துவிட்டது. படை கெரேக்கூ கையில்தான் இருந்தது, ஆனாலும் ஏவவில்லை. இதற்காகவே அவரை மதிக்கலாம் என்பேன். 1991 தேர்தலில் நிசெஃபோர் சொக்லோவிடம் தோற்று இறங்கினார்.

1996இல் அதே சொக்லோவைத் தோற்கடித்துத் திரும்பினார். பதவிப் பிரமாணத்தில் முன்னோர்களின் ஆவிகளைச் சாட்சி வைக்கும் வரியை விட்டுவிட்டார். அதற்குள் தீவிரக் கிறிஸ்தவராகியிருந்தார். அரசியல் சாசன நீதிமன்றம் விடவில்லை, மறுபடி முழுதாகச் சொல்ல வைத்தது.

2001 தேர்தலைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. சொக்லோ இரண்டாம் சுற்றைப் புறக்கணிக்க, எதிரே நின்றவர் கெரேக்கூவின் சொந்த அமைச்சர்! 2006இல் சாசனப்படி வயது வரம்பு 70, அவருக்கோ 72. இரண்டு தவணையும் முடிந்திருந்தது. சாசனத்தைத் திருத்தாமலே போனார்.

அன்புடன்,
அப்பா