அந்த அறைக்குள் எங்களையும் விடுங்கள்: என்.பி.ஏ. ஆணையருக்கு ஒரு டாலஸ் ரசிகனின் திறந்த மடல்

என்.பி.ஏ. ஆணையர் ஆடம் சில்வர் அவர்களுக்கு,

வணக்கம். டாலஸை ஒட்டிய இர்விங்கிலிருந்து எழுதுகிறேன். உங்கள் கூடைப்பந்துச் சங்கத்தின் டாலஸ் மாவரிக்ஸ் அணிக்கு ரசிகன். 2011-ல் டிர்க் நொவிட்ஸ்கி மயாமியைத் தோற்கடித்துக் கோப்பையைத் தூக்கியபோது பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை. புதிதாக வரும் இளம் வீரர்களில் முதல் ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை தோற்ற அணிகளில் எதற்கு என்று முடிவுசெய்யும் உங்கள் லாட்டரியைப் பற்றி உங்களுக்குக் கடிதம் எழுதுபவர்கள் பெரும்பாலும் ஏமாந்த பக்கத்துக்காரர்களாக இருப்பார்கள். நான் பரிசு விழுந்த பக்கம். 2025 மே 12 அன்று, வெறும் 1.8 சதவீத வாய்ப்போடு நின்ற எங்கள் அணிக்கு முதல் இடம் விழுந்தது. அந்த வருடம் எல்லாரும் ஆசைப்பட்ட இளம் வீரர் கூப்பர் ஃபிளாக் எங்களுக்கு என்று ஆனது.

அன்று இரவு வீட்டில் போட்ட கூச்சல் தெருவுக்கே கேட்டிருக்கும். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, போனில் ஒரு செய்தி. வாரக் கடைசியில் என்னோடு பந்து ஆட வரும் தம்பி ஒருவன், யூட்டாவில் படித்தவன், அந்த ஊர் ஜாஸ் அணிக்காக உயிரை விடுபவன், ஒரே வரி எழுதியிருந்தான்: "அண்ணா, லூக்காவைத் தூக்கிக் கொடுத்ததுக்குக் கூலி வந்துடுச்சு போல."

நான் சண்டைக்குப் போனேன். போன பிறகுதான் தெரிந்தது, என் கையில் கணக்கு இருக்கிறது, சாட்சி இல்லை. இந்தக் கடிதம் அதைப் பற்றித்தான்.

அவன் சந்தேகப்பட்டதில் தவறே இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிப்ரவரி தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை இரவு, முந்தைய வருடம்தான் எங்களை இறுதிச் சுற்றுவரை கூட்டிக்கொண்டு போன லூக்கா டோன்சிச்சை லேக்கர்ஸுக்கு மாற்றிவிட்டார்கள். முதலில் யாரோ விளையாட்டுக்குச் சொல்கிறார்கள் என்றே நினைத்தோம். மறுநாள் அரங்கத்து வாசலில் ரசிகர்கள் சவப்பெட்டி கொண்டுவந்து வைத்தார்கள். பதிலுக்கு வந்த ஆண்டனி டேவிஸ் முதல் ஆட்டத்திலேயே காயம். மார்ச்சில் கைரி இர்விங்கின் முழங்கால் போனது. இப்படி ஒரு ஊரே துக்கம் காத்துக்கொண்டிருந்தபோது, மே மாதம் உங்கள் துணை ஆணையர் ஓர் உறையைப் பிரிக்கிறார், உள்ளே எங்கள் சின்னம். கதை எழுதுபவர்கூட இவ்வளவு வசதியாக எழுதக் கூச்சப்படுவார்.

போதாததற்குத் தேதி வேறு. முதன்முதல் லாட்டரி 1985 மே 12-ல் நடந்தது. நாள் பிசகாமல் சரியாக நாற்பது வருடம்! அன்று நியூயார்க்கில் ஒரு கண்ணாடி உருளையில் ஏழு உறைகள். உங்களுக்கு முன்னால் இருந்த டேவிட் ஸ்டெர்ன் கையை விட்டு எடுத்ததில் நியூயார்க் நிக்ஸுக்கே பாட்ரிக் யூயிங் கிடைத்தார். உறையின் மூலை மடங்கியிருந்தது என்றார்கள். ஃப்ரீசரில் வைத்துச் சில்லென்று ஆக்கி அடையாளம் வைத்தார்கள் என்றார்கள். அன்றைக்குக் குழந்தையாக இருந்தவர்களும் இன்று பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அதற்கு மேல் 2012. நியூ ஆர்லியன்ஸ் அணி 2010 கடைசியிலிருந்து உங்கள் சங்கத்தின் சொந்தப் பொறுப்பில் இருந்தது. அதன் நட்சத்திரம் கிறிஸ் பாலை லேக்கர்ஸுக்கு அனுப்பும் பேரத்தை 2011 டிசம்பரில் ஸ்டெர்ன் தடுத்தார். அப்புறம் அணியை வாங்க ஆள் கிடைத்தார். அடுத்த மாதமே லாட்டரியில் அதே அணிக்கு முதல் இடம், ஆண்டனி டேவிஸ். வானொலியில் ஒருவர் இதைப் பற்றி நேருக்கு நேர் கேட்டதும் ஸ்டெர்ன் அவர்மேல் எரிந்து விழுந்தார். 2019-ல் டேவிஸ் தன்னை வேறு அணிக்கு அனுப்பச் சொல்லி அடம்பிடித்துக்கொண்டிருந்தபோது, 6 சதவீத வாய்ப்போடு இருந்த நியூ ஆர்லியன்ஸுக்கே மறுபடியும் முதல் இடம், சயான் வில்லியம்சன். 2025-ல் அதே டேவிஸ் டாலஸுக்கு வந்த சில மாதத்தில் எங்களுக்கு. ஜாஸ் தம்பியின் சித்தாந்தம் இது: ஆண்டனி டேவிஸ் கால் வைத்த வீட்டிலும் கிளம்பிப் போன வீட்டிலும் லட்சுமி தங்குவாள்.

சரி, இப்போது என் பக்கத்துக் கணக்கு. உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்ததுதான், இதைப் படிக்கப்போகும் எங்கள் ஆட்களுக்காகச் சொல்கிறேன். இயந்திரத்தில் 1 முதல் 14 வரை எண் போட்ட பதினான்கு பந்துகள். நான்கு வெளியே வரும், எந்த வரிசையில் வந்தாலும் ஒன்றுதான். அப்படி நான்கு நான்காகச் சேர்த்தால் 1,001 கூட்டுகள் கிடைக்கும். ஒன்றைத் தள்ளிவிட்டு மீதி ஆயிரத்தை, பிளேஆஃப் என்ற கடைசிக் கட்டச் சுற்றுக்குப் போகாத அணிகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறீர்கள். கடைசியாக வந்த மூன்று அணிகளுக்குத் தலைக்கு 140. எங்களுக்கு 18. எங்களைப் போலவே 39 வெற்றி, 43 தோல்வி வைத்திருந்த சிகாகோவுக்கு 17. அந்த ஒரு கூட்டு கூடுதலாக எங்களுக்கு வந்ததும் ஒரு குலுக்கலில்தான்.

சதிக்காரர்கள் இதையெல்லாம் திட்டமிட்டிருக்க வேண்டும் என்றால், நாங்கள் பிளே-இன் ஆட்டத்தில் மெம்ஃபிஸிடம் தோற்பதையும் சேர்த்துத் திட்டமிட்டிருக்க வேண்டும். அன்று ஜெயித்திருந்தால் பிளேஆஃபுக்குள் போயிருப்போம், லாட்டரியே கிடையாது. பெரிய ஊருக்குச் சலுகை என்ற வாதமும் எனக்கு ஒட்டவில்லை. லெப்ரான் ஜேம்ஸ் விட்டுப் போன கிளீவ்லேண்டுக்கு 2011, 2013, 2014 என்று நான்கு வருடத்தில் மூன்று முறை முதல் இடம் கொடுத்துத்தானா நீங்கள் பணம் பார்க்க வேண்டும்? யூயிங்குக்குப் பிறகு நிக்ஸ் ஒரு முறைகூட லாட்டரியில் முதலாவதாக வரவில்லை. 2019-ல் எல்லாரையும்விட மோசமாக ஆடி, சயானுக்காகக் காத்திருந்து, மூன்றாவது இடத்தோடு வீட்டுக்குப் போனார்கள். இப்படிப் பெரிய ஊரையே கைவிடும் சதி என்ன சதி!

ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. அது என் வாயை அடைக்கிறது. 2019-க்கு முன் கடைசி அணிக்கு 25 சதவீத வாய்ப்பு இருந்தது. பிலடெல்பியா வருடக்கணக்கில் வேண்டுமென்றே தோற்றுக் காட்டிய பிறகு, தோற்பதில் லாபம் இருக்கக் கூடாது என்று 2017-ல் ஓட்டெடுத்து அதை 14 ஆக்கினீர்கள். ஆதரவு 28, எதிர்ப்பு 1. யார் பக்கமும் சேராமல் ஒதுங்கி நின்ற ஒரே அணி எது என்று ஞாபகம் இருக்கிறதா? எங்கள் டாலஸ்தான். (நாங்களும் யோக்கியர்கள் இல்லை. தோற்பதே நல்லது என்று வெளிப்படையாகப் பேசியதற்காக 2018-ல் எங்கள் அப்போதைய முதலாளி மார்க் கியூபனுக்கு 6 லட்சம் டாலர் அபராதம் போட்டீர்கள். 2023-ல் சிகாகோவோடு நடந்த ஆட்டத்தில் ஆட்களை உட்கார வைத்ததற்கு அணிக்கு ஏழரை லட்சம்.)

அந்த மாற்றத்தால் என்ன ஆனது? மோசமான அணியிலிருந்து எண்ணினால் வரிசையில் பத்தாவது முதல் பதினான்காவது வரை நிற்கும் ஐந்து அணிகளில் ஏதோ ஒன்றுக்கு முதல் இடம் போகும் வாய்ப்பு, பழைய முறையில் 3.7 சதவீதம். புதிய முறையில் 8. இரண்டு மடங்குக்கும் மேல். 2024-ல் 3 சதவீதத்தோடு அட்லாண்டா, 2025-ல் நாங்கள். ஏழு வருடத்தில் இரண்டு முறை இப்படி நடக்க ஏறக்குறைய பத்தில் ஒரு வாய்ப்பு என்று என் கணக்கு சொல்கிறது. அபூர்வம்தான், அதிசயம் இல்லை. இன்னொன்றும் பாருங்கள். 2019 முதல் 2025 வரை ஏழு லாட்டரியில் கடைசி இடத்து அணி ஒரு முறைகூட முதலாவதாக வரவில்லை. டெட்ராய்ட், டெட்ராய்ட், யூட்டா என்று கடைசி மூன்று வருடமும் அது ஐந்தாம் இடத்துக்கு விழுந்தது. குலுக்கலில் முடிவாவது முதல் நான்கு இடங்கள்தான் என்பதால் அதற்குக் கீழே விழவே முடியாது. 82 ஆட்டத்தில் 65 தோற்றுவிட்டு ஐந்தாவதாக வந்தவனிடம் போய் நிகழ்தகவு பேசினால் அடிக்க மாட்டானா?

திடுக்கிடும் முடிவுகள் அடிக்கடி வரும்படி நீங்களே விதியை மாற்றினீர்கள். நான் அதைத் தவறு என்று சொல்லவில்லை. ஆனால் அப்படி மாற்றியபோது, முடிவு எப்படி வந்தது என்று காட்டும் விதத்தையும் மாற்றியிருக்க வேண்டும் அல்லவா? அதை மட்டும் தொடவில்லை.

இன்றும் பந்து எடுப்பது ஒரு பூட்டிய அறையில். அணிகளின் ஆட்கள், சில நிருபர்கள், தணிக்கை நிறுவனத்தார் உள்ளே இருக்கிறார்கள். எல்லாருடைய போனையும் வாங்கி வைத்துவிடுகிறீர்கள். இயந்திரத்துக்கு முதுகைக் காட்டி நிற்கும் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக் கையைத் தூக்க, ஒவ்வொரு பந்தாக மேலே வருகிறது. ஒழுங்கான ஏற்பாடு, குறை சொல்ல முடியாது. பிறகு அந்த முடிவை உறையில் போட்டு ஒட்டி, மேடைக்குக் கொண்டுவந்து, பதினான்கிலிருந்து ஒன்றுவரை ஒவ்வொன்றாகப் பிரிக்கிறீர்கள். உலகம் பார்ப்பது அந்த உறையைத்தான். பந்து எடுத்த காணொளியை எல்லாம் முடிந்த பிறகு வெளியிடுகிறீர்கள். கல்யாணம் முடிந்து வந்து சேரும் பத்திரிகை மாதிரி அது.

என் அம்மா ஊரில் குலுக்கல் சீட்டு கட்டினார். மாதம் ஒருநாள் சாயங்காலம், சீட்டு நடத்தும் அக்கா வீட்டுத் திண்ணையில் இருபது பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். பெயர் எழுதிய துண்டுக் காகிதங்களை எல்லார் கண்முன்னாலும் சுருட்டி, எவர்சில்வர் டப்பாவில் போட்டுக் குலுக்கி, தெருவில் விளையாடும் ஏதாவது ஒரு வாண்டைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வார்கள். எத்தனையோ தடவை அந்த வாண்டு நான்தான். ஒருமுறை நான் எடுத்த சீட்டில் சீட்டுக்கார அக்காவின் சொந்தத் தங்கை பெயர், அதுவும் முதல் மாதமே. கொஞ்ச நேரம் முணுமுணுப்பு. ஒரு பெரியம்மா டப்பாவை வாங்கிக் கவிழ்த்து, மிச்சம் இருந்த பத்தொன்பதையும் பிரித்துப் பார்த்தார். பத்தொன்பது பெயர். சரி என்று காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். அந்தத் தங்கையும் தலைநிமிர்ந்து பணத்தை வாங்கிக்கொண்டு போனாள். நான் இப்போது அந்தத் தங்கை நிலைமையில் இருக்கிறேன், சில்வர் அவர்களே. எனக்கு அந்த டப்பாவைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும்.

1985-ல் எல்லார் முன்னாலும் தொலைக்காட்சியில்தானே எடுத்தோம், அப்போதும் பேசினார்களே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். மேடை திறந்திருந்தது, உறை மூடியிருந்தது. கதை பிறந்ததும் அந்த உறைக்குள்தான். எண் போட்ட பந்துக்கு மடிக்க மூலை இல்லை. பந்தைச் சூடாக்கினார்கள், கனமாக்கினார்கள் என்று சொல்ல நாலு பேர் இருப்பார்கள், இருந்துவிட்டுப் போகட்டும். என் ஜாஸ் தம்பி அந்த ரகம் இல்லை. அவன் கண்ணால் பார்த்தால் நம்புவான், அப்புறம் நாள் முழுக்கத் திட்டுவான்.

ஆயிரம் கூட்டுகளை ரசிகர்களுக்கு எப்படி விளக்குவது, சுவாரசியம் போய்விடுமே என்பது உங்கள் தரப்பில் சொல்லப்படும் காரணம். எனக்கு இது நேர்மாறாகத் தெரிகிறது. மூன்று பந்து வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே பதினொன்று சுழல்கிறது. திரையின் ஓரத்தில் ஒரு பட்டியல்: 3 வந்தால் வாஷிங்டன், 8 வந்தால் சார்லட், 12 வந்தால் டாலஸ். பத்து நொடி. யாராவது எழுந்து தண்ணீர் குடிக்கப் போவார்களா? உறை பிரிக்கும் நாடகத்தில் முடிவு ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது, மேடையில் இருப்பவர்களுக்குச் சொல்லாமல் வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். இதில் நடப்பதே அப்போதுதான் நடக்கிறது.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த லாட்டரியில் பந்துகளை இயந்திரத்தில் போடுவதிலிருந்து நான்காம் இடம் முடிவாகும்வரை நேரலையில் காட்டுங்கள். எந்தக் கூட்டு எந்த அணிக்கு என்ற அட்டவணையை அதற்கு முதல் நாளே எல்லாரும் பார்க்கும்படி போட்டுவிடுங்கள். உறைகளை வேண்டுமானால் கண்காட்சிக்கு அனுப்பிவிடுங்கள்.

நாங்கள் மறுபடியும் அந்த வரிசையில் நிற்க நேர்ந்தால், அடுத்த முறை ஜாஸ் தம்பியை என் வீட்டுக்கே கூப்பிட்டு, பக்கத்தில் உட்கார வைத்துப் பார்ப்பதாக இருக்கிறேன். நான்காவது பந்து எது என்று அவனுக்கும் எனக்கும் ஒரே நொடியில் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
1.8 சதவீதத்தின் பயனாளி,
இர்விங், டெக்சஸ்