விழுந்த மரத்தை விறகாக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எனக்குப் பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூர். 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற மரச்சிற்ப வேலைதான் குடும்பத் தொழில். பெங்களூர் அல்சூரில் பட்டறை வைத்து 26 ஆண்டுகள் ஆகின்றன.

சித்திரை, வைகாசி மழைக்காற்றில் பெங்களூரில் மரம் விழாத வாரமில்லை. விழுந்த அன்றே அடிமரத்தை இரண்டிரண்டு அடியாக அறுத்து விறகுக்கு ஏற்றிவிடுகிறார்கள். அதே ஊர்ப் பூங்காக்களில், நடக்கிறவர்கள் உட்கார, மரக்கட்டை மாதிரி சிமெண்டில் செய்து பழுப்புப் பெயிண்ட் அடித்த இருக்கைகள்! பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

நான்கு ஆண்டுகளுக்கு முன் கனகபுரா சாலைப் பக்கம் ஒரு தனியார் தோப்பின் நடைபாதைக்கு மூன்று இருக்கைகள் செய்தேன். அங்கேயே விழுந்த தூங்குமூஞ்சி மரம். வாகைக்குப் பங்காளி, உளிக்கு நன்றாக இணங்கும். இங்கிலாந்தின் கிரைஸ்டேல் காட்டில் 1977 முதல் சிற்பிகள் காட்டிலேயே தங்கி, அங்கே கிடைப்பதைக் கொண்டே வேலை செய்ததை மகள் படித்துக் காட்டியிருந்தாள். நானும் உளியைத் தொடுமுன் இரண்டு நாள் அந்தப் பாதையில் உட்கார்ந்திருந்தேன். மேடேறி வரும் பாட்டிமார் எல்லாரும் ஒரே இடத்தில் நின்று இடுப்பில் கை வைத்தார்கள். முதல் இருக்கை அங்கேதான். உயரம் 18 அங்குலம், ஊன்றி எழ இருபுறமும் கைப்பிடி. வேர் வளைவை அப்படியே சாய்மானமாக விட்டு, பின்னால் ஒரு தேவாங்கு செதுக்கினேன். இந்த ஊர் மரங்களில் இன்னும் தேவாங்கு உண்டு. பிள்ளைகள் தடவித் தடவி அதன் தலை பளபளக்கிறது.

மூன்றாவதை அவசரத்தில் நேரே மண்மேல் வைத்தேன். மரத்தின் வெளிப்புறத்து வெள்ளைப் பகுதியையும் முழுதாக நீக்கவில்லை. இரண்டு மழைக்காலத்தில் கரையான் தின்றுவிட்டது. அது என் தவறு. மற்ற இரண்டும் வைரம் பாய்ந்த பகுதி, கருங்கல்மேல் நிற்கின்றன. அடிப்பக்கம் மட்டும் முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் (தோலில் பட்டால் வெந்துவிடும்), மேலே லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய். ஒரு கீறல்கூட ஆழமாகவில்லை.

லால்பாக்கில் பட்ட மரங்களில் சிற்பம் செதுக்கியிருப்பது எனக்குப் பெருமை. ஆனால் கால் வலிக்கிறவருக்கு உட்கார இடம் வேண்டும். விழுந்த அடிமரத்தை 7 அடி நீளமாவது விட்டு, அறுத்த முனைகளில் மெழுகு பூசி, நிழலில் கல்மேல் ஏற்றி வைக்கும்படி தோட்டக்கலைத் துறையையும் மாநகராட்சியையும் கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் தெருமுனையில் போன வியாழன் சாய்ந்த தூங்குமூஞ்சி இன்னும் முழுதாகக் கிடக்கிறது. அதைக் கொடுத்தால், முதல் இருக்கையைக் கூலி வாங்காமல் செய்துதர நானும் என் மாணவர்கள் இருவரும் தயார்.

ஒரு மரச்சிற்பி,
அல்சூர், பெங்களூரு - 8.