விளக்கை அணைத்துவிட்டுப் பேசிய மகனுக்கு

கண்ணா,

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வீடியோவில் கூப்பிட்டபோது பகல் பதினொரு மணி. உன் அறையில் திரைச்சீலை இழுத்து மூடியிருந்தது, விளக்கும் எரியவில்லை. ஐந்து நிமிஷத்தில் "ஸ்க்ரீன் கண்ணைக் கூசுதுப்பா" என்று வைத்துவிட்டாய். அதனால்தான் தாளில், பெரிய எழுத்தில் எழுதுகிறேன். ஒரே மூச்சில் படிக்காதே, நிறுத்தி நிறுத்திப் படி.

வெள்ளிக்கிழமை உன் ஐஸ் ஹாக்கி ஆட்டத்தை நானும் அம்மாவும் பார்த்தோம். இரண்டாவது பீரியடில் களத்தைச் சுற்றியுள்ள தடுப்பு ஓரமாக, 'பக்' என்கிற அந்தக் கறுப்பு வட்டை எடுக்கக் குனிந்தாய். பின்னாலிருந்து வந்தவன் இடித்ததில் உன் தலை தடுப்புக் கண்ணாடியில் மோதியது. எழுந்து, நேரே எதிரணி பெஞ்சை நோக்கிச் சறுக்கிக்கொண்டு போனாய். பாதி வழியில்தான் திரும்பினாய். வர்ணனையாளர் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். நீயோ உன் அடுத்த முறை வந்ததுமே இறங்கினாய். அப்புறம் சனிக்கிழமை, ஞாயிறு மாலை. மூன்று நாளில் மூன்று ஆட்டம்!

அடிபட்டதை ஏன் மறைக்கிறாய் என்று எனக்குத் தெரியாதா? மேலே இருக்கிற பெரிய லீக்கான என்.எச்.எல்.லில் 32 அணி, ஆட்டத்துக்கு அணிக்கு 20 பேர். அந்த இடங்களைப் பார்த்துக்கொண்டு, அதற்கு ஒரு படி கீழே நீ ஆடுகிற ஏ.எச்.எல்.லில் இன்னொரு 32 அணி. போன வருஷம் மேலே உனக்கு ஏழு ஆட்டம் கிடைத்ததே அங்கே ஒருவனுக்குத் தோள் நழுவியதால்தான். இப்போது நீ படுத்தால் அடுத்த அழைப்பு உன் பக்கத்தில் உட்கார்ந்து லேஸ் கட்டுகிறவனுக்குப் போகும். டூ-வே ஒப்பந்தத்தில் மேலே ஒரு சம்பளம், கீழே ஒரு சம்பளம். 26 வயசுக்காரனை இன்னும் எத்தனை தடவை கூப்பிடுவார்கள் என்ற கணக்கை நானும் ராத்திரியெல்லாம் போட்டுப் பார்த்தவன்தான்.

ஆனால் ஹெல்மெட் காப்பது மண்டையோட்டைத்தான். அடி விழுந்த வேகத்தில் உள்ளே மூளை குலுங்குவதை அதனால் தடுக்க முடியாது.

உன் அறைச் சுவரில் என்.எச்.எல். நட்சத்திரம் கிராஸ்பி படம் இருந்ததே, அவர் கதை உனக்கு மனப்பாடம். 2011 ஜனவரி 1 அன்று திறந்தவெளி ஆட்டத்தில் தலையில் அடி. நான்கு நாள் கழித்து மறுபடி இறங்கினார், மறுபடி அடி. அதன் பிறகு நவம்பர் 21 வரை ஆட முடியவில்லை. திரும்பி வந்த அன்று இரண்டு கோல் போட்டார், இன்னும் இரண்டு கோலுக்குக் கைகொடுத்தார். நீ கட்டிலில் ஏறிக் குதித்தாய். எட்டே ஆட்டத்தில் தலைவலி திரும்ப வந்து, மார்ச் வரை மறுபடி வெளியே உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்தவர்தான் 2016, 2017 இரண்டு வருஷமும் என்.எச்.எல்.லின் ஸ்டான்லி கோப்பையைத் தூக்கினார்.

அவர் அடிபட்டு உட்கார்ந்ததெல்லாம் தெரிந்த பிறகுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். உனக்குப் பதினாலு வயசு. முதல் பீரியடில் விழுந்து, பெஞ்சில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். பயிற்சியாளர் உன்னைக் கேட்கவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற என்னைப் பார்த்து, ஆடுவானா என்று கையால் கேட்டார். மேலே மூன்றாவது வரிசையில் அணிக்கு ஆள் தேடும் ஸ்கவுட் ஒருவர் நோட்டோடு உட்கார்ந்திருந்தார். நான் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன். நீயும் அதைப் பார்த்தாய்.

திரும்பும் வழியில் காரில் இரண்டு தடவை வாந்தி எடுத்தாய். "அம்மாகிட்ட சொல்லாதப்பா, அடுத்த வாரம் விடமாட்டாங்க" என்றாய். நான் சொல்லவில்லை. நேற்று ராத்திரிதான் சொன்னேன். இன்று காலையிலிருந்து என்னோடு பேசவில்லை, அது இருக்கட்டும்.

"ஒண்ணுமில்ல, ஆடிடுவேன்" என்று நீ இப்போது டாக்டரிடம் சொல்வது என்னிடம் கற்றது. பனியில் நிற்க நான் கற்றுக்கொடுத்ததை வெளியில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இதையும் நான்தான் கற்றுக்கொடுத்தேன்.

அணி டாக்டரிடம் போய் வெளிச்சம் கூசுவது, தூக்கம் வராதது, பெஞ்சைத் தவறவிட்டது எல்லாவற்றையும் சொல். ஆட்டத்தில் பட்ட காயம் என்று பதிவானால் ஒப்பந்தம் உன் பக்கம் நிற்கும். மறைத்து ஆடினால் கேட்க நாதி இருக்காது. உன் ஏஜெண்டையும் விசாரித்துக்கொள்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் காரை எடுக்கிறேன், மதியத்துக்குள் அங்கே இருப்பேன். அதற்குள் நீ சொல்லியிருக்காவிட்டால், ரிங்க் வாசலில் நின்று டாக்டரைப் பிடித்து நானே சொல்வேன். உனக்குக் கோபம் வரும். வரட்டும்.

அப்பா