கண்ணகி வழக்குக்குத் துணை நின்றவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

குமுளிக்குப் பக்கத்தில் ஏலத்தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது எங்கள் பள்ளி. கேரள அரசுப் பாடத்திட்டம், தமிழ் மீடியம். எட்டு, ஒன்பதாம் வகுப்புகளுக்குத் தமிழ் எடுப்பவள் நான். போன ஜூன் தொடங்கி மார்ச் வரை வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் வாசிப்பு, எழுத்து, கண்ணகி வழக்கு நாடகம் என்று நாங்கள் அடித்த கூத்துக்கெல்லாம் யார் யார் காரணமோ, அவர்களுக்குத்தான் இந்த மடல். ஆண்டு விழா மேடையில் நன்றியுரைக்குக் கிடைத்த நேரத்தில் பாதியைக்கூடச் சொல்ல முடியவில்லை. "பேரெல்லாம் போட வேணாம் டீச்சர்" என்று உங்களில் பலர் கேட்டுக்கொண்டதால் இதில் பெயர்கள் இல்லை. யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் எதையும் படிப்பதில்லை என்ற பேச்சு ஆசிரியர் அறையில் அடிக்கடி வரும். எனக்கு அதில் உடன்பாடில்லை. பரீட்சைக்கு வரும் செய்யுளையும் அதன் பொழிப்புரையையும் மட்டும் நீட்டினால் பதினாலு வயதில் யார்தான் ஆசையாக வாங்குவார்கள்? துப்பறியும் கதை, பயணக் கட்டுரை, காமிக்ஸ், நாடகம், விடுகதை என்று விரித்துப் போட்டால் ஒவ்வொரு பிள்ளையும் ஏதாவது ஒன்றில் கை வைக்கும். விரித்துப் போட என்னிடம் சரக்கு இல்லை. அதைக் கொண்டுவந்தவர்கள் நீங்கள்.

முதலில் எங்கள் ஊர் வாசகசாலைப் பொறுப்பாளர் சார். ஜூன் 19 கேரளத்தில் வாசிப்பு தினம். ஊர் ஊராக நூலகம் வளரக் காரணமாக இருந்த பி.என்.பணிக்கரின் நினைவு நாள். வழக்கமாக உறுதிமொழி எடுத்து, ஒரு கட்டுரைப் போட்டி வைத்து முடித்துவிடுவோம். இந்த முறை சார் ஒரு சாக்கு நிறையத் தமிழ்ப் புத்தகங்களைத் தானே சுமந்து வந்து வகுப்புத் தரையில் கொட்டினார். "பிடிச்சதை எடுத்துக்கோங்க, பதிவேட்டை நான் பார்த்துக்கறேன்" என்றார். ஆளுக்கு எத்தனை புத்தகம் என்ற கணக்கு அன்றைக்கு அவருக்கு ஞாபகம் இல்லாததுபோல் நடந்துகொண்டதை நான் கவனித்தேன் சார்.

அப்புறம் ஜீப் அண்ணன். விடியும் முன் கம்பத்திலிருந்து தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றி வருபவர், அங்கே பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய வார இதழ்களையும் சிவகாசி காமிக்ஸையும் சீட்டுக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். காசு நீட்டினால், "ஜீப்பு எப்படியும் மேல வரத்தானே போகுது" என்பார். அந்த ஜீப்பில் வரும் அக்காமாருக்கும் ஒரு கும்பிடு. நேர்காணல் எழுதப் போன பிள்ளைகளிடம் எத்தனை மணிக்கு எழுகிறார்கள், தூக்குவாளியில் என்ன கொண்டுவருகிறார்கள், மழையில் காய் எடுக்கும்போது அட்டை எப்படிக் கடிக்கும் என்று ஒளிக்காமல் சொன்னார்கள். இத்தனை நாள் பக்கத்திலேயே பார்த்தும் கேட்டதில்லை என்று ஒரு மாணவி கடைசி வரியில் எழுதியிருந்தாள். அவள் அம்மாவும் அதே ஜீப்பில்தான் வருகிறார்.

சங்கப் பாட்டுக்கு வெளியிலிருந்து யாரும் வர வேண்டியிருக்கவில்லை, தொல்காப்பியரே போதும். அகப்பாடலில் காதலன் காதலி பெயரைச் சொல்லக் கூடாது என்பது அவர் சொன்ன விதி. அதைச் சொன்னதும் பின் பெஞ்சிலிருந்து "அப்ப எழுதலாம் டீச்சர்!" என்று குரல் வந்தது. தோழி பேசுவதுபோல் அன்று வந்து குவிந்த கவிதைகளில் சிலவற்றை நான் வேண்டுமென்றே எங்கள் கையெழுத்து இதழில் சேர்க்கவில்லை. பெற்றோர்கள் மன்னிக்க. ஹைக்கூ எழுதவும் எல்லாரும் கை தூக்கினார்கள், மூன்று வரியோடு முடிந்துவிடும் என்பதற்காக. அதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை.

சிலப்பதிகாரம்தான் எங்களை இழுத்துக்கொண்டு போனது. நாங்கள் இருப்பது மங்கலதேவி மலையடிவாரம். பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் கண்ணகி கோயிலைச் சித்ரா பௌர்ணமி அன்று மட்டும்தான் மக்களுக்குத் திறந்துவிடுவார்கள். குமுளியிலிருந்து ஜீப்பில் போகலாம். தமிழ்நாட்டுப் பக்கம் பளியன்குடியிலிருந்து நடந்தே ஏறலாம். வகுப்பில் பலர் சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து போய் வந்தவர்கள். கதை தெரியும், கோயில் தெரியும், நூல் மட்டும் அந்நியம். அதை 'உரையிடையிட்ட பாட்டுடைச் செய்யுள்' என்பார்கள். சரி, உரையும் பாட்டும் நாடகமும் அதற்குள்ளேயே இருக்கிறதே, ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொள்ளலாம் என்றாகிவிட்டது. ஒரு குழு கானல்வரியை மெட்டுப் போட்டுப் பாடியது. இன்னொரு குழு மதுரை எரிந்த மறுநாள் வந்த நாளிதழின் முதல் பக்கத்தைத் தயாரித்தது. 'பாண்டிய மன்னர் அவையிலேயே மரணம்' என்று கொட்டை எழுத்து. கீழே கட்டம் போட்டு, 'பொற்கொல்லர் எங்கே?'

கண்ணகி பாண்டியன் அவையில் நியாயம் கேட்கும் வழக்குரை காதையை நீதிமன்ற நாடகமாக்க ஹார்மோனிய அய்யா வந்தார். கம்பம் பக்கத்தில் வள்ளி திருமணம் மாதிரியான ஸ்பெஷல் நாடகங்களுக்கு வாசித்தவர். வயதான காலத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்தது எங்களுக்காக. பிள்ளைகள் வசனத்தை நோட்டில் எழுதி உருப்போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து நோட்டை வாங்கி வைத்துவிட்டார். "வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கிற தர்க்கத்தை யாரும் எழுதிக் கொடுக்கிறதில்லை. எதிராளி என்ன சொல்றான்னு கேளு, அதுக்குப் பதில் சொல்லு" என்றார். அதற்குப் பிறகு வகுப்பு வகுப்பாக இல்லை. சிலம்புக்குள் மாணிக்கமா முத்தா என்று கண்ணகி தரப்பு எளிதாக ஜெயித்துக்கொண்டே போனது. பாண்டியனுக்காக வாதாட ஆளே இல்லை. கடைசியில் ஆண்டு முழுக்க வாய் திறக்காத ஒரு பையன் எழுந்து, "தப்புன்னு தெரிஞ்ச நிமிஷமே உயிரை விட்டாரே, இதுக்கு மேல என்ன தண்டனை வேணும்?" என்று கேட்டான். அய்யா பெட்டியில் ஒரு ஸ்வரம் அழுத்தி நிறுத்தினார். அந்த வழக்கில் இன்னும் தீர்ப்பு வரவில்லை.

சிலம்பின் குன்றக் குரவைப் பகுதிக்குத் தோட்டத்து லயன் வீடுகளிலிருந்து பாட்டிமார் வந்து கும்மி கற்றுக்கொடுத்தார்கள். வேங்கை மரத்தடியில் நின்ற கண்ணகியைக் கண்டு மலைவாசிகள் ஆடிப் பாடும் இடம் அது. ஒத்திகை முடிந்ததும் தாலாட்டும் விடுகதையும் தாமாகவே வந்தன. ஒப்பாரியைப் பள்ளிக்கூடத்துக்குள் பாட மாட்டோம் என்று மட்டும் மறுத்துவிட்டார்கள்.

மலையாளம் டீச்சரை விட்டுவிட்டால் அடி விழும். பதினெட்டாம் நூற்றாண்டில் மலையாளக் கவிஞர் குஞ்சன் நம்பியார் ஊர்ப் பெரிய மனிதர்களைக் கேலி செய்து, ஆடிக்கொண்டே பாடும் துள்ளல் பாடியதை அவர் ஆடியே காட்டினார். எங்கள் பையன்கள் அந்தத் தாளத்திலேயே தமிழில் அட்டைப்பூச்சி துள்ளல் எழுதினார்கள். அதில் தலைமையாசிரியை இரண்டு இடத்தில் வருகிறார். அதைக் கேட்டும் சிரித்து, வெள்ளிக்கிழமை பீரியடை எங்களிடமிருந்து பிடுங்காமல் விட்டதற்கு அவருக்கும் நன்றி.

கையெழுத்து இதழைப் பாதி விலையில் நகலெடுத்துக் கொடுத்த ஜெராக்ஸ் கடைக்காரர், உங்கள் பாக்கி அடுத்த மாதம் வந்துவிடும். ஜீப் அண்ணனிடம் எல்லோருக்கும் ஆளுக்கொரு பிரதி கொடுத்தனுப்பியிருக்கிறேன். வாசகசாலை சாருக்குத் திரும்ப வேண்டிய புத்தகங்களில் துப்பறியும் கதைகள் மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. பள்ளி திறப்பதற்குள் வசூலித்துவிடுவேன். வரும் ஜூனில் இந்த எட்டாம் வகுப்பு ஒன்பதுக்கு வருகிறது, பேய்க்கதை வேண்டும் என்று இப்போதே கேட்கிறார்கள். தெரிந்தவர்கள் சொல்லி அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் தமிழ் டீச்சர்