ரஜூலா, ரோனா கப்பல்களின் பெயர்ப்பலகையைச் சாக்கடை மேலிருந்து எடுத்து நிறுத்தித் தரக் கோரி மூன்றாவது மனு

அனுப்புநர்:
மனுதாரர் (பெயரும் முகவரியும் தனித்தாளில்),
வெளிப்பாளையம், நாகப்பட்டினம்.

பெறுநர்:
உயர்திரு அலுவலர் அவர்கள்.

பொருள்: ஊர் மக்கள் வைத்த கப்பல் நினைவுப் பலகை வடிகால் மூடியாகக் கிடப்பது தொடர்பாக.

பார்வை: எனது மனுக்கள், நாள் 12.08.2024 மற்றும் 17.02.2025.

ஐயா,

வணக்கம். மேற்படி இரண்டு மனுக்களுக்கும் என்னிடம் ரசீது இருக்கிறது, பதில்தான் இல்லை. இரண்டாவது மனுவுக்கு மட்டும் "தங்கள் மனு முடித்துவைக்கப்பட்டது" என்று போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. எதை முடித்தீர்கள் என்று பார்க்க அன்று மாலையே சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். பலகை கிடந்த இடத்திலேயேதான் கிடந்தது. எனவே கீழ்க்கண்டவற்றை மீண்டும் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

1. இடம் தங்களுக்குத் தெரிந்ததே. புதிய கடற்கரைக்குப் போகும் வழியில் மழைநீர் வடிகால் வளையும் முனை. எதிரே டீக்கடை.

2. அந்தக் காலத்தில் நம் ஊரில் பெரிய கப்பல் கரையை ஒட்டி நின்றதில்லை. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், ஜனங்கள் தோணியில் போய் ஏணி பிடித்து ஏறுவார்கள். அப்படி நின்ற கப்பல்களில் ரஜூலாவும் ரோனாவும் அக்கா தங்கை மாதிரி. இரண்டும் 1926-ல் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்காகக் கட்டப்பட்டவை, ஒன்று கிளாஸ்கோவில், மற்றது நியூகாசில் பக்கம். இரண்டும் எட்டாயிரத்து ஐந்நூறு டன் சுமாருக்கு இருக்கும். சென்னை, நாகை, அப்புறம் மலாயா, சிங்கப்பூர் என்று ஒரே தடத்தில் ஓடின. ரஜூலாவில் தளப் பயணிகள் (அறை இல்லாமல் கப்பல் தளத்திலேயே போகிறவர்கள்) மட்டும் ஐயாயிரம் பேருக்கு மேல் ஏற அந்தக் காலத்தில் அனுமதி இருந்தது. கறுப்புப் புகைபோக்கியில் இரண்டு வெள்ளைப் பட்டை. ஒரு தடவை இரண்டும் ஒன்றாக நிற்பதைப் பார்த்ததாக என் அப்பாயி சொல்லும், எது எதுவென்று படகுக்காரர்களுக்கே குழம்பிப்போனதாம்.

3. சண்டை வந்தது. இரண்டு கப்பல்களையும் சிப்பாய்களை ஏற்ற எடுத்துக்கொண்டார்கள். 1943 நவம்பர் 26-ஆம் தேதி அல்ஜீரியா கடலோரத்தில், பெஜாயா அருகே, ஜெர்மன் விமானம் ஒன்று ரேடியோ மூலம் செலுத்திய குண்டு ரோனாவின் பக்கவாட்டில் பாய்ந்தது. அமெரிக்கச் சிப்பாய்கள் மட்டும் ஆயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். கப்பல் சிப்பந்திகள் நூற்றுக்கு மேல், பெரும்பாலும் நம் நாட்டு லஸ்கர்கள், அதாவது கப்பல் வேலையாட்கள். இந்தச் செய்தியை அமெரிக்க அரசாங்கம் பல வருஷம் வெளியே விடவில்லை. அப்படி மறைத்தவர்களே 1996-ல் அலபாமா மாநிலத்தில் உள்ள படைவீரர் கல்லறைத் தோட்டத்தில் ரோனாவுக்கு ஒரு நினைவுக்கல் வைக்க இடம் கொடுத்தார்கள். நாம் இங்கே வைத்ததோ தகரம். அதுவும் இப்போது நிற்கவில்லை.

4. இனிமேல் எழுதுவதுதான் என் குறை. அந்தப் பலகையைத் தெருக்காரர்கள் வீட்டுக்கு நூறு, இருநூறு என்று போட்டுச் செய்தோம். ஆறடிக்கு நாலடி தகரம், இரும்பு ஆங்கிள். சைன்போர்டு எழுதுகிற தம்பி கூலி வாங்காமல் இரண்டு கப்பல்களையும் வரைந்து கொடுத்தார். ஒரு வருஷம் கௌரவமாக நின்றது. அப்புறம் வடிகால் வேலைக்குத் தோண்டினார்கள். பலகையைப் பிடுங்கினார்கள். வேலை முடிந்தது, மூடிபோட சிமெண்ட் சிலாப் குறைந்தது, கண்ணெதிரே தகரம் கிடந்தது. எடுத்துக் கவிழ்த்தாவது போட்டிருக்கலாம் ஐயா, படம் மேலே தெரியும்படி போட்டுவிட்டார்கள். இப்போது ஜனங்கள் ரஜூலா மேல் மிதித்துத்தான் டீக்கடைக்குப் போகிறார்கள். டூவீலர் ஏறினால் டமார் என்று ஒரு சத்தம், ராத்திரி பதினோரு மணிவரை கேட்கும். ரோனாவின் நடுப்பக்கம் துரு பிடித்துத் தேங்காய் அளவுக்கு ஓட்டை விழுந்திருக்கிறது. குண்டு பட்ட கப்பலுக்கு இங்கேயும் ஓட்டை. அதைப் பார்க்கும்போது எனக்கு என்ன செய்கிறது என்பதை மனுவில் எழுத முடியாது.

என் தாத்தா 1937-ல் இந்தக் கரையிலிருந்து ரோனாவில் ஏறி மலாயாவில் பேராக் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். 1941 டிசம்பரில் பினாங்கும் அடுத்த பிப்ரவரியில் சிங்கப்பூரும் ஜப்பான்காரனிடம் விழுந்ததோடு கப்பல் நின்றது, கடிதாசி நின்றது, மணியார்டர் நின்றது. அப்பாயி தாலியைக் கழற்றவில்லை, ஆனால் பூவும் வைக்கவில்லை. போர் முடிந்து கப்பல் மறுபடி ஓடத் தொடங்கிய பிறகு தாத்தா ரஜூலாவில் வந்து இறங்கினார். "போன கப்பல் வரல, மனுசன் வந்துட்டாரு" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தது அப்பாயி. பலகையில் அந்த வரியைத்தான் எழுதச் சொன்னோம். 'மனுசன்' என்ற எழுத்து இப்போதும் தெரிகிறது, அதன் மேல் வெற்றிலைச் சாறு.

5. தங்கள் அலுவலகத்துக்கு நாலு முறை வந்தேன். முதல் முறை இந்த செக்ஷன் இல்லை என்றார்கள். இரண்டாம் முறை கான்ட்ராக்டரைக் கேளுங்கள் என்றார்கள். அவர் போனை எடுப்பதில்லை. மூன்றாம் முறை, பலகை அனுமதி பெற்று வைத்ததா என்று என்னையே கேட்டார்கள். சரி, அனுமதி இல்லைதான். அனுமதி இல்லாத பலகை நிற்கக்கூடாது, சாக்கடைக்கு மூடியாகக் கிடக்கலாம் என்று எந்த விதியில் இருக்கிறது? நாலாம் முறை சாப்பாட்டு நேரம்.

6. நான் மணிமண்டபம் கேட்கவில்லை, மியூசியமும் கேட்கவில்லை. 2023-ல் காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டபோது வைத்த விளம்பரத்தில் நூற்றில் ஒரு பங்கு செலவுகூட ஆகாது. ஒரு சிமெண்ட் சிலாப் போட்டு வடிகாலை மூடுங்கள். பலகையை எடுத்து எங்களிடம் கொடுங்கள். ஓட்டையை ஒட்டுவதும் பெயிண்ட் அடிப்பதும் எங்கள் பொறுப்பு. மறுபடி நட இரண்டடி இடத்தைக் காட்டி எழுத்தில் தாருங்கள், அவ்வளவுதான்.

7. ரஜூலா 1973 வரை ஓடியது. அதற்குப் பிறகு வந்த சிதம்பரம் கப்பல் 1985-ல் தீப்பிடித்ததோடு அந்தத் தடமே போயிற்று. ஏறினவர்கள், இறங்கினவர்கள் பிள்ளைகள் பினாங்கிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் இன்னும் வருகிறார்கள். நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் வந்துவிட்டு, எங்க தாத்தா எங்கே கப்பல் ஏறினார் என்று டீக்கடையில் கேட்கிறார்கள். கடைக்காரர் கையை நீட்டிக் காட்டுவது எதை என்று தாங்களே ஒரு நாள் வந்து பார்க்க வேண்டும்.

8. ஐயா, கெஞ்சிக் கேட்கிறேன். சிலாப் ஒன்று. ஒன்றே ஒன்று.

வரும் நவம்பர் 26-ஆம் தேதி என் பெரியப்பா மகன் பினாங்கிலிருந்து குடும்பத்தோடு வருகிறார், வயது 81. தாத்தா ஏறிய இடத்தைக் காட்டச் சொல்லியிருக்கிறார். அதற்கு முன் பலகையை எடுத்துத் தருமாறு மிகவும் பணிவுடன் வேண்டுகிறேன். ஆள் பற்றாக்குறை என்றால் சொல்லுங்கள், தூக்க நாங்கள் நாலு பேர் வருகிறோம். சிலாப் மட்டும் தாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்

இணைப்பு: ரசீது நகல்கள் 2, பலகையின் இன்றைய புகைப்படம் 1 (செருப்புத் தடம் தெரியும்).