பெசன்ட் நகர் கடற்கரைப் பெண்கள் கழிப்பறையைத் திறக்கக் கோரி மூன்றாம் மனு

அனுப்புநர்: கடற்கரையில் நாள்தோறும் நடக்கும் பெண்கள், பெசன்ட் நகர், சென்னை.

பெறுநர்: கடற்கரைப் பராமரிப்புப் பொறுப்பு அலுவலர் அவர்கள், சென்னை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே பொருள் குறித்து இரண்டு மனுக்களை நேரில் கொடுத்து ஒப்புகை பெற்றுள்ளோம். ஷ்மிட் நினைவு மண்டபத்தில் தொடங்கி, ஊரூர் குப்பத்துப் படகுகளைக் கடந்து, அடையாறு முகத்துவாரத்து உடைந்த பாலம் வரை மணலில் நடக்கும் தடம் தாங்கள் அறிந்ததே. 1967-இல் கட்டப்பட்டு 1977-இல் நீரோட்டத்தில் இடிந்த அந்தப் பாலத்தைப் பார்க்க வெளியூர்க்காரர்களும் வருகிறார்கள். வருகிற பெண்கள் எங்கே ஒதுங்குவது என்பதே எங்கள் மனு.

1. கடற்கரைச் சாலையின் வடகோடியிலுள்ள பெண்கள் கழிப்பறை எட்டு மாதங்களாகப் பூட்டியே இருக்கிறது.

2. எங்களுள் பெரும்பாலோர் அறுபதைக் கடந்தவர்கள். பாதிப் பேருக்குச் சர்க்கரை நோய். நடக்கச் சொல்பவரும் தண்ணீர் குடிக்கச் சொல்பவரும் ஒரே மருத்துவர்தான் என்றாலும், இந்தப் பூட்டை நினைத்து, விடியற்காலையில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமலேயே வீட்டை விட்டுப் புறப்படுகிறோம். சென்ற மாதம், பாலத்திலிருந்து திரும்பிய அறுபத்தெட்டு வயதுத் தோழி ஒருவர், அடக்க முடியாமல் அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்; சேலை நனைந்துவிட்டது. நேரே கடலுக்குப் போய் இடுப்பளவு தண்ணீரில் நின்றுவிட்டு, அலை அடித்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தார். அன்றிலிருந்து அவர் நடக்க வருவதில்லை. எதிரேயுள்ள உணவகத்தில் காப்பி வாங்கினால் உள்ளே விடுவார்கள். ஆனால் அது திறப்பதே ஏழு மணிக்கு. குப்பத்தில் மீன் விற்கும் பெண்களுக்கு அந்த வழியும் இல்லை.

3. ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடும் காலத்தில், முட்டைகளைக் காக்க மாணவிகளும் நள்ளிரவில் இத்தடத்தில் நடக்கிறார்கள். அந்த மாதங்களில் இரவிலும் திறந்திருக்க வேண்டும். (விளக்கைக் கட்டடத்துக்குள் மட்டும் போடுங்கள், ஐயா. ஆமைக் குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடலென்று எண்ணிச் சாலைக்கு ஏறிவிடும்.)

4. முதல் மனுவுக்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு, "தங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று கைப்பேசியில் குறுஞ்செய்தி வந்தது. மறுநாள் காலை போய்ப் பார்த்தோம். அதே பூட்டு, உப்புக் காற்றில் துருவேறி, சாவித் துளையே அடைந்து கிடக்கிறது. தீர்ந்தது எது, ஐயா? செப்டிக் டேங்க் நிரம்பிவிட்டது என்கிறார் காவலாளி; சாவி ஒப்பந்ததாரரிடம் இருக்கிறது என்கிறார் மேற்பார்வையாளர். டேங்கை உறிஞ்ச ஒரு லாரி, பூட்டை உடைக்க ஒரு சுத்தியல்! இதற்கு எட்டு மாதமா?

சினந்து எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டும். தாங்கள் ஒருநாள் காலை ஐந்தரை மணிக்கு நேரில் வந்து பார்வையிட்டு, அன்றைக்கே அந்தக் கதவைத் திறக்க உத்தரவிடுமாறும், அதிகாலை ஐந்து மணி முதல் அது திறந்திருக்க ஆவன செய்யுமாறும் மீண்டும் பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
கையொப்பமிட்டுள்ள பெண்கள்

இணைப்பு: பூட்டின் புகைப்படம், முந்தைய இரண்டு மனுக்களின் நகல்கள்.