22 பையில் நிரம்பாத சுவர்

முகாமையாளர் அவர்களுக்கு,

கடந்த ஒக்ரோபரில் ரொறன்ரோ ஈஸ்ட் யோர்க்கில் உள்ள எங்கள் வீட்டின் வெளிச்சுவர்களுக்குள் உங்கள் ஆட்கள் வந்து இன்சுலேஷன், அதாவது குளிரைத் தடுக்கும் பஞ்சு, ஊதினார்கள். பணம் முழுவதும் அன்றைக்கே கொடுத்தாயிற்று. பெப்ரவரி பிறந்தும் சுவர் குளிர்கிறது. 4 தடவை தொலைபேசியில் சொன்னேன். "பழைய வீடு அண்ணை, அப்படித்தான் இருக்கும்" என்ற ஒரே பதில். விலை பேசியவர் முதல் ஊதிய தம்பிகள் வரை எல்லோரும் தமிழர் என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன், விளங்கவில்லை என்ற சாட்டு வேண்டாம்.

பழைய வீடுதான், 1920களில் மரச்சட்டத்தில் கட்டியது. எங்கள் ஊர்க் கூரைச் சலாகை போல மெல்லிய மரச்சலாகைகளை நெருக்கி அடித்து, அதன்மேல் சாந்து பூசிய சுவர். சட்டங்களுக்கு நடுவில் உள்ள 3¾ அங்குல வெற்றிடம் பேஸ்மென்ட் முதல் பரண் வரை தடையில்லாமல் ஓடுகிறது. இதையெல்லாம் விலை பேச வந்தவரிடம் முதல் நாளே சொன்னேன். "பிரச்சினை இல்லை, நெருக்கி அடைப்போம், ஆர்-14 வரும்" என்றார். ஆர் என்பது சுவர் வெப்பத்தை எவ்வளவு தடுக்கும் என்ற அளவு. எழுதித் தந்த தாளிலும் 'நெருக்கி அடைத்த செலுலோஸ்' (காகிதப் பஞ்சு) என்றே இருக்கிறது.

நெருக்கி அடைப்பதென்றால் கன அடிக்கு 3.5 இறாத்தல். அப்போதுதான் பஞ்சு நாளடைவில் கீழே அமராது. கதவு, ஜன்னல் கழித்து என் சுவர் 1000 சதுர அடி. சட்டங்களின் இடத்தையும் கழித்தால் ஏறத்தாழ 280 கன அடி. 25 இறாத்தல் பை என்றால் 39 பை வேண்டும். உங்கள் ஆட்கள் விட்டுப்போன வெறும் பைகளைக் குப்பைக்குக் கட்டும்போது எண்ணினேன்: 22. அதிலும் ஒரு பங்கு சுவரில் இல்லை. அடிப்பக்கம் திறந்திருப்பதைப் பாராமல் ஊதியதால் பேஸ்மென்டில் சலவை இயந்திரத்துக்குப் பின்னால் முழங்கால் உயரத்துக்குச் சாம்பல் நிறப் பஞ்சு. அரைத்த பழைய பத்திரிகைதானே, சில துணுக்குகளில் எழுத்துக்கூட வாசிக்கலாம். அள்ளியது நானும் மகனும்.

ஜனவரியில், சைபருக்குக் கீழே 18 பாகையாக இருந்த ஓர் இரவு, நண்பரின் வெப்பக் கமராவால் பார்த்தோம். வடக்குச் சுவரில் மேலிருந்து ஒன்றரை அடி முழுக்கக் குளிரின் ஊதா நிறம். அம்மாவின் கட்டில் அந்தச் சுவரோரம். அங்குள்ள பிளக் தகட்டின் திருகாணியில் பனி பூத்திருந்தது. படிக்கட்டுப் பக்கம் ஓரிடத்தில் மட்டும் அளவுக்கு மிஞ்சி ஊதிச் சாந்து வீங்கி நிற்கிறது; கை வைத்தால் அசைகிறது.

அப்புறம் வயர். இதுதான் பயம். நான் கூப்பிட்ட மின்பணியாளர் அதே வடக்குச் சுவருக்குள் பீங்கான் குமிழ்களில் ஓடும் பழைய வயரைக் கண்டார், மின்சாரத்தோடு. சுற்றிலும் காற்று இருந்தால்தான் அதன் சூடு ஆறும். பஞ்சுக்குள் புதைக்கக் கூடாது. ஊத முதல் பார்த்தீர்களா என்று கேட்டால், "பேஸ்மென்டில் புது வயர்தானே தெரிந்தது" என்கிறார்கள் உங்கள் ஆட்கள். இதைப் பார்ப்பது உங்கள் தொழில் இல்லையா? அந்த இணைப்பை அணைத்து வைத்திருக்கிறோம். காப்புறுதிக் கம்பனிக்கும் இனி நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

வயர் மாற்றும் செலவு என்னுடையது, அதை உங்கள் தலையில் கட்டவில்லை. ஆனால் அந்தச் சுவரில் ஊதிய பஞ்சை உறிஞ்சி எடுப்பதும், வயர் மாறிய பின் அடிப்பக்கத்தை அடைத்து எல்லாச் சுவரையும் சொன்ன அளவுக்கு நிரப்புவதும், வீங்கிய சாந்தைத் திருத்துவதும் உங்கள் பொறுப்பு. முடியாதென்றால் பணத்தைத் திருப்பித் தாருங்கள். 14 நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகத்துக்கு முறையிடுவேன்.

முதலில் ஆள் அனுப்பிச் சுவரைப் பாருங்கள், அதுவும் குளிர் இருக்கும்போதே. மே மாதம் வந்து கமரா பிடித்தால் எல்லாச் சுவரும் நல்ல சுவராகத்தான் தெரியும்.

இப்படிக்கு,
வீட்டு உரிமையாளர்

இணைப்பு: விலைத் தாள், கமராப் படங்கள் 6, வெறும் பைகளின் படம்